ஆற்றில் ஒரு புள்ளி

1

என் மகள் ஆரணி மட்டக்களப்புக்குப் போய் இந்தக் கிழமையோடு ஒரு வருடம். இங்கே கனடாவில் எனக்குத் தெரிந்த தாய்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று கண்ணைக் கசக்குகிறார்கள். பாட்டியோடு போனில் பேசச் சொன்னால் நாக்கு உளறுகிறதாம். கோயிலுக்கு வா என்றால் அறைக்கதவு சாத்தப்படுகிறதாம். நான் அவர்கள் நடுவில் வாயைத் திறக்காமல் வடையைக் கடித்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளை ஊரை மறக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். அதுதான் என் பயம்.

இதை வாசிக்கிற நீங்கள் ஊரில் இருப்பவர்கள். எங்கள் ஊரில் அப்படி என்ன பேயா இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் வெளிக்கிட்ட காலத்தில் வாசலில் இராணுவ ஜீப் சத்தம் கேட்டால் அம்மா விளக்கை ஊதி அணைத்துவிட்டு எங்கள் வாயைப் பொத்துவார். அந்தக் காலம் போய்விட்டது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோசனம்? அங்கே மழை என்றாலும், கரண்ட் நின்றாலும், அவள் போனை எடுக்கச் சற்றுப் பிந்தினாலும் அந்த ஜீப் வந்து என் வயிற்றுக்குள் நிற்கிறது.

ரொறன்ரோவுக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழக நகரத்தில் இருக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்கியுபேற்றரில் எனக்கு வேலை. புதிதாகத் தொழில்நுட்பக் கம்பனி தொடங்குகிற இளம் ஆட்களுக்கு மேசை, இணையம், ஆலோசகர், வழக்கறிஞர் எல்லாம் கொடுத்து, கொஞ்சக் காலம் தாங்கிப் பிடித்து, பிறகு சொந்தக் காலில் நடக்க விடுகிற இடம் அது. அந்தத் தாங்கல் மெய்யாகவே யாருக்காவது உதவியதா என்று மதிப்பிட்டு எழுதுவது என் பொறுப்பு. நாவற்குடாவில் இருக்கிற என் மூத்த சகோதரி பவளக்காவுக்கு இதை ஒருமுறை விளக்கிப் பார்த்தேன்.

"அப்ப நீ கோழிக்குஞ்சு பொரிக்கிற இடத்திலயா வேல செய்றாய்? இதுக்கா தங்கச்சி இவ்வளவு படிச்சாய்?" என்றார்.

"ஓமகா. குஞ்சுகள்ல எது உசிரோட இருக்கு எண்டு பாக்கிறதுதான் என்ட வேல" என்றேன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பல குஞ்சுகள் நிலைப்பதில்லை என்பதை அக்காவுக்குச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடப்பட்ட ஒரு கம்பனியைப் பற்றிக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தபோது, அது காலமாகிவிட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்து அனுதாபம் தெரிவித்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

2

ஆரணி இங்கே பொறியியல் படித்தாள். கடைசி வருடத்தில், ஏரியில் படகு விடுபவர்களுக்காக நெருப்புப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவி செய்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் அது தானாகவே கரைக்குச் செய்தி அனுப்பும், விழுந்த இடத்தையும் காட்டும். கனடாவில் அப்படிப்பட்ட சாமான்கள் கடைகளில் நிறையக் கிடப்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருட விடுமுறையில் நாவற்குடாவுக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போனவள், பின்வளவுக்கு அப்பால் தனித்தனியாகத் தோணியில் போகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். வாவி என்று புத்தகத்தில் எழுதினாலும் நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். மாரிக்கு முன்னால் அதில் எழும்பும் காற்றையும் இடியையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அம்மா, அங்க ஆக்கள் தனியப் போறாங்க. வராட்டி ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

"ஏன் தெரியாது? பெண்சாதிக்குத் தெரியும்."

"தெரிஞ்சு? எங்க தேடுறது எண்டு தெரியாதே."

நான் பேச்சை மாற்றி, கோப்பி போடட்டுமா என்று கேட்டேன். ஏற்ற ஒரு பதில் சொல்லியிருந்தால் அவள் இன்றைக்கு இங்கே இருந்திருப்பாள்.

ஒரு தனியார் பல்கலைக்கழகம் நாவற்குடாவுக்குக் கிட்ட ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, தன் இன்கியுபேற்றரின் கிளை ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஆரணி விண்ணப்பித்தாள், எடுத்துக்கொண்டார்கள். அவளைக் கொண்டுபோய் விடுகிற சாட்டில் நானும் போனேன். தொழில் புத்தி விடுமா? போன முதல் நாளே அந்த இடத்தை மதிப்பிடத் தொடங்கிவிட்டேன். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவர் நிறைய ஆங்கிலத்தில் உற்சாக வாசகங்கள். ஆலோசகர் கொழும்பிலிருந்து திரையில் வந்து, சந்தை, முதலீடு, வளர்ச்சி என்று ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போவார். வாழைச்சேனையிலிருந்து வந்து நெல் ஈரம் பார்க்கும் கருவி செய்துகொண்டிருந்த ஒரு இளைஞர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. நான் மனதுக்குள் புள்ளியைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த இடத்துக்குப் பொறுப்பாக தினேஷ் என்றொருவர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. ஆரணியின் கருவிகள் சுங்கத்தில் மாட்டியபோது அவருடைய அருமை விளங்கியது. வானொலி அலையில் வேலை செய்கிற சாமான் என்றதும் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே போனால், பாதுகாப்புத் தரப்பிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கனடாவிலிருந்து, எல்லாத்தயும் விட்டுப்போட்டு வா என்று கத்தினேன். தினேஷ் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், ஒவ்வொரு அலுவலகத்து வாங்கிலும் குந்தியிருந்து, சிங்களத்தில் கெஞ்சி, கடிதத்தையும் கருவிகளையும் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் துறையினர் மாநாடுகளில் அளக்கிற கதைகளெல்லாம் கிடக்கட்டும். ஓர் இன்கியுபேற்றர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று இருபது பேரிடம் சொல்லியிருப்பேன்.

கருவியை முதலில் கட்டிப் பார்க்கச் சம்மதித்தவர் கனகண்ணன். அக்காவின் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார், ஆற்றில் இறால் பிடிப்பவர். நான் சிறுமியாக இருந்தபோதே அவர் தோணி வலிக்கிற ஆள். நான் அங்கே நின்ற நாட்களிலேயே ஆரணி அவரிடம் போய், "கனகு, நீ நீந்துவியா?" என்று கேட்டுவிட்டாள். நின்ற சனமெல்லாம் கொல்லென்று சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "ஓம் மகள், நல்லா நீந்துவன்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் கனகு மாமா.

கருவிகள் வந்து சேர்ந்ததும் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமான் நல்லம் புள்ள. ஆனா நான் எங்க நிக்கிறன் எண்டு அது காட்டப்படா. இறால் கிடக்கிற இடத்த நான் என்ட கூடப்பிறந்த தம்பிக்கே சொல்றல்ல" என்றார்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஆரணி ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு கருவியை மாற்றினாள். கட்டியிருப்பவர் நல்லபடி இருக்கும் மட்டும் கரையில் இருக்கிற திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மட்டும் எரியும். இடம் தெரியாது. தண்ணீரில் விழுந்தால்தான் சிவப்பு எரியும், அப்போதுதான் இடத்தைக் காட்டும். பரிசோதனைக்கென்று தன் கருவியை மட்டும் வரைபடத்தில் நீலப் புள்ளியாக விட்டு வைத்தாள்.

3

அந்தத் திரை என் போனிலும் இருந்தது. அவள்தான் போட்டுத் தந்தாள். நான் வேலையோடு வேலையாகப் பரிசோதித்துத் தருவேன் என்று நினைத்திருப்பாள். நான் அதை என் பயத்துக்கு மருந்தாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் எழும்பிப் பல் விளக்குமுன் போனைத் திறப்பேன். அங்கே பொழுதுபடுகிற நேரம். நீலப் புள்ளி அக்கா வீட்டில் நின்றால் கோப்பி போடுவேன். வீதியில் நகர்ந்தால், எங்கே போகிறாள் இந்த நேரத்தில் என்று முணுமுணுத்துக்கொண்டு அது வீடு சேரும் வரை குசினியில் நிற்பேன். பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போய், மற்றவர்களின் பிள்ளைகள் தொடங்கிய கம்பனிகளை நிதானமாக மதிப்பிடுவேன். என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "பாவம் அந்தப் புள்ளி, கொஞ்சம் மூச்சு விட விடு" என்பார்.

வரைபடத்துக்குப் பக்கத்தில் கனகண்ணனுடையதும் மற்றவர்களுடையதுமாகப் பெயர்கள். எல்லாப் பெயருக்கும் பச்சை. கருவியை ஒழுங்காகச் சார்ஜ் போடாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஒரு நாளாவது ஒரு விளக்காவது அணைந்ததில்லை. என் அனுபவத்தில் இப்படி நடப்பதில்லை. இங்கே எதை இலவசமாகக் கொடுத்தாலும் இரண்டு கிழமையில் அது மேசை லாச்சிக்குள் போய்விடும். நம் சனத்தைப் பாருங்கள், எவ்வளவு கவனம் என்று நான் வேலைத்தலத்தில் பெருமையடித்தேன். தினேஷும் கொழும்புக்கு அதையே எழுதி அனுப்பினார். வருட முடிவில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பரிசு கொடுக்கிற பெரிய நிகழ்ச்சியில் ஆரணியின் கருவியைத்தான் முதலில் மேடையேற்றுவது என்று முடிவாகியிருந்தது.

4

மாரி தொடங்குமுன் ஒரு நாள். காலையில் போனைத் திறந்தேன். நீலப் புள்ளி தண்ணீருக்குள் நின்றது.

வரைபடத்தில் ஏதோ பிழை என்று மூடித் திறந்தேன். தண்ணீரில்தான் நின்றது, மெல்ல நகர்ந்தது. ஆரணிக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, ஆரணி எங்க?"

"ஐயோ தங்கச்சி, நீ பயப்படாத."

பயப்படாதே என்று அக்கா தொடங்கினால் பயப்பட ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"கனகண்ணன் விடியப்புறம் போனவர் இன்னும் வரல்லகா. மத்தியானம் காத்தும் இடியுமா அடிச்சித்து. மகேஸ் இஞ்ச நிண்டு குழறுறாள். இவள் ஆரணி மூணு பேரோட தோணியில ஏறித்தாள். நான் சட்டையப் பிடிச்சி இழுத்தும் கேக்கல்ல."

மகேஸ் என்பது கனகண்ணனின் மனைவி. எனக்கு அந்த நேரத்தில் ஆறுதலாக ஒன்றுதான் தோன்றியது. "அக்கா, கனகண்ணனுக்கு ஒண்டுமில்ல. நான் திரையப் பாத்துக்கொண்டுதான் இருக்கன். அவருட விளக்கு பச்சை. விழுந்தா சிவப்பு எரியும். அவங்களக் கூப்பிட்டு ஆரணியக் கரைக்கு வரச் சொல்லுங்க."

அக்காவுக்குப் பின்னால் யாரோ அழுவது கேட்டது.

"மெஷின் வீட்ட இருக்கு தங்கச்சி."

"வீட்டயா?"

"கண்ணாடி அலுமாரிக்குள்ள. பொலித்தீனோட. பச்சை எரிஞ்சிகொண்டு இருக்கு."

எனக்கு விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டேன். கனகண்ணன் வீட்டில் மட்டுமில்லை. மகேஸக்கா சொன்னதும் ஆரணி மற்ற வீடுகளுக்கும் ஓடியிருக்கிறாள். ஒரு வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பூ வைத்து, இன்னொரு வீட்டில் புது மேசைவிரிப்புக்கு மேல், எல்லா இடமும் பச்சை. ஆற்றுக்குப் போயிருந்த கருவி அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் மகளின் இடுப்பில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. புள்ளி ஆற்றின் மேற்குக் கரையோரமாகப் போனது, தண்ணீருக்குள் வேர்விட்டு அடர்ந்த கண்ணாப் பத்தைகள் இருக்கிற பக்கம். நின்றது. திரும்பவும் போனது. அது சிவக்குமா சிவக்குமா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கண் சிமிட்டவும் பயமாக இருந்தது. மேல்மாடியில் என் கணவர் இரவு வேலை முடிந்து நித்திரை. அவரை எழுப்பப் போனால் படியேறும் நேரம் போனைப் பார்க்க முடியாதே என்று எழுப்பவில்லை. அப்படி ஒரு பைத்தியம். வெளியே என் பஸ் வந்து நின்று போனது.

பிறகு புள்ளி சாம்பல் நிறமானது.

நான் தினேஷுக்கு எடுத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மேலால் அவர் கத்தினார். "அன்ரி, அங்கால எங்கட அன்ரெனா எட்டாது! மூலைப்பக்கம் போயிருப்பாங்க. நானும் கரையாலதான் போறன். பயப்படாதீங்க!"

"இருட்டுதா தம்பி?"

"இன்னும் இல்ல அன்ரி."

இருட்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் அங்கே எப்படி இருக்கும் என்று பிறந்து வளர்ந்து பழகியவள் நான். அவர் எனக்காகப் பொய் சொன்னார். நானும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு, அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று குசினி மேசையைத் தடவிக்கொண்டிருந்தேன். என் அம்மா விளக்கை ஊதி அணைத்த இரவுகளில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்படி ஒரு பயத்தோடு ஒரு மனுசி பிறகும் எழும்பிச் சோறு சமைத்திருக்கிறார்.

புள்ளி திரும்ப நீலமாகி, கரைக்கு வந்து, ஒழுங்கையில் நின்றது. போன் அடித்தது.

"அம்மா" என்றாள். "அவரக் காணல்ல அம்மா."

நான் அழுதேன். கனகண்ணனுக்காக அழவில்லை, அவள் குரல் கேட்டதற்காக அழுதேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பில் உண்மை இருக்காது.

5

மறுநாள் கனகண்ணனின் உடலைக் கண்ணாப் பத்தைக்குள் கவிழ்ந்த தோணியோடு கண்டெடுத்தார்கள். அவர் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து, ஒரு கையைத் தோணியின் கொல்லாவோடு, அதுதான் பக்கத்தில் மிதக்கிற கட்டையோடு, சேர்த்துக் கட்டியிருந்தார். இடி விழுந்தோ நெஞ்சு வலித்தோ பட்டென்று போகவில்லை. யாராவது வருவார்கள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

ஆரணி சாவீட்டுக்குப் போகமாட்டேன் என்று அறைக்குள் இருந்தாள். தன்னை அடிப்பார்கள் என்று நினைத்தாளாம். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மகேஸக்கா அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்துக் குழறினார். பெண்கள் நடுவில் இருந்துகொண்டு ஆரணி தன் உடைந்த தமிழில் கேட்டிருக்கிறாள்.

"ஏன் மாமி? ஏன் அவர் அதக் கொண்டு போகல்ல?"

"நனைஞ்சா பழுதாப்போகும் எண்டார் மகள். புள்ள கனடாவில இருந்து ஆசையாக் கொண்டந்து தந்த சாமான், சேத்துத் தண்ணியில கொண்டு போய்ப் பாழாக்கப்படா எண்டார். நான்தான் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டன். நீ பாக்கக்குள்ள விளக்கு எரியாட்டி உன்ட மனம் நோகும் எண்டு."

அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் வேலைத்தலத்தில் இருந்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நான் அக்காவுக்கு அனுப்பிய கம்பளியும் கேத்தலும் இன்றைக்கும் பொலித்தீன் பிரிக்காமல் அலுமாரியில் இருக்கின்றன. பெரிய விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார். என் வீட்டு ரிமோட்டுக்கு நானே பொலித்தீன் உறை போட்டிருக்கிறேன். பாசமாக வந்த சாமானைப் பாவித்துத் தேய்க்க எங்களுக்கு மனம் வராது. இது ஆரணிக்குத் தெரியாமல் போகலாம். அவள் இங்கே பிறந்தவள். கொழும்பு ஆலோசகருக்கும் தெரியாது. எனக்கும் தினேஷுக்கும் தெரியும். தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் விளக்கு எரிகிறதா என்று பார்த்தோமே தவிர, எங்கே இருந்து எரிகிறது என்று ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

6

பொலிசார் ஆரணியிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். மரியாதையாகக் கதைத்து, கதிரை கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்தார்களாம். அதொன்றும் என் காதில் ஏறவில்லை. பொலிஸ் என்ற சொல் போதுமாக இருந்தது. அவள் ஸ்டேசனிலிருந்து வெளியே வருமுன் நான் அவளுக்கு விமான ரிக்கற் போட்டுவிட்டேன்.

"வெளிக்கிட்டு வா. செய்தது காணும்."

"நான் இப்ப வந்தா அந்த மெஷின் எல்லாம் அலுமாரிக்குள்ளயே இருக்கும் அம்மா."

"இருக்கட்டும்! எனக்கு நீ வேணும்."

"ஆக்கள் ஆத்துக்குப் போவாங்கதானே" என்றாள். என்னைப் போலக் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து தினேஷ் எடுத்தார். கனகண்ணன் வீட்டில் எட்டாம் நாள் சடங்கு வரைக்கும் தண்ணீர் அள்ளி, கதிரை அடுக்கினவர் அவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அன்ரி, நீங்க ஒருக்காச் சொல்லுங்க. மேடையில இந்தக் கதைய எடுக்க வேணாம் எண்டு. கொழும்பில இருந்து வாறவங்க எங்கட பச்சை விளக்குகளத்தான் பாக்க வாறாங்க. இது தெரிஞ்சா இந்தக் கிளையையே மூடிருவாங்க. மற்றப் பிள்ளைகளும் றோட்டுக்கு வந்திரும்."

இந்தத் துறையில் இவ்வளவு காலம் இருந்துவிட்டு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் அவர் சொன்னதை அப்படியே மகளிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இரு, அதுதான் பாதுகாப்பு என்றும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் என்னை வளர்த்த முறை அது.

அவள் மேடையேறிப் பேசியதை இணையத்தில் நேரே பார்த்தேன். பெரிய திரையில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அவள், "இதில ஒருத்தர் செத்துப்போயித்தார்" என்றாள். ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்ததை விட்டுவிட்டுத் தமிழில் பேசினாள். பிழை பிழையாகப் பேசினாள். அலுமாரியைச் சொன்னாள், பொலித்தீனைச் சொன்னாள், சார்ஜைச் சொன்னாள். யார் யார் எதைப் பார்க்கத் தவறினோம் என்று சொன்னபோது தன் பெயரை முதலில் சொன்னாள். நான் திரைக்கு முன்னால் இருந்து, போதும், இறங்கு, இறங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. கொழும்பு ஆட்கள் சாப்பிடாமல் போனார்கள். கிளையைப் பற்றி யோசித்துச் சொல்வதாக ஒரு மின்னஞ்சல் வந்தது, இன்னும் யோசிக்கிறார்கள். தினேஷ் ஆரணியோடு ஒரு கிழமை பேசவில்லை. அடுத்த கிழமை ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அக்கா வீட்டுப் படலையில் வந்து நின்றிருக்கிறார்.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். வீட்டுக்காரரின் அலுமாரியைத் திறக்கச் சொல்லி, கருவியை எடுத்து, பொலித்தீனைக் கிழித்து, அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே வாளித் தண்ணீரில் போட்டார்கள். ஒரு அம்மா, ஐயோ என்று வாளிக்குள் கையை விட்டுத் தூக்கப் பார்த்தாராம். அது தண்ணீருக்குள் கிடந்து சிவப்பாக எரிந்த பிறகுதான் கையை எடுத்தாராம். என்னுடைய தொழிலில் இதற்கு ஒரு நீண்ட ஆங்கிலப் பெயர் இருக்கிறது. யாரும் வாளி கொண்டு போய் நான் கண்டதில்லை.

அப்படியிருந்தும் பாதிப்பேர்தான் கட்டுகிறார்கள் என்று ஆரணி சொல்கிறாள். மற்றவர்கள் ஓம் ஓம் என்கிறார்களாம். ரிக்கற்றை நான் இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது, அம்மா, நீங்க வாங்களன் என்றாள்.

7

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு மகேஸக்கா அந்த மாடிக்கு வந்தாராம். அதுவரை படியேறாதவர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, குளிரூட்டிக் குளிரில் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாராம். கனகண்ணனின் தோணியைத் திருத்தியாகிவிட்டது, தானும் தன் தங்கையும் ஆற்றில் இறங்கப் போவதாகச் சொன்னார். கலியாணத்துக்கு முன்னால் தகப்பனோடு வலை இழுத்த கை அது. இனி வேறு வழியும் இல்லை.

"அவருட மெஷின நான் கட்டுறன் மகள். ஆனா எனக்கு ஒளிக்கிறதுக்கு இடமொண்டும் இல்ல. நான் எங்க நிக்கிறன் எண்டு உன்டயப் போல அது காட்டட்டும்."

ஆரணி அங்கேயே இருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"இத ஆர் பாத்துக்கொண்டு இருக்கிற?" என்று கேட்டார் மகேஸக்கா.

"நான் பாப்பன் மாமி. தினேஷ் பாப்பார். அம்மாவும் கனடாவில இருந்து பாப்பா."

"உன்ட அம்மாவா? அவ சரியான பயந்தவ எண்டெல்லா பவளம் சொல்றவள்."

"ஓம் மாமி. எல்லாத்துக்கும் பயம்."

மகேஸக்கா கருவியை இடுப்பில் கட்டி இறுக்கினாராம். "அப்ப அவவே பாக்கட்டும்" என்றாராம்.

இன்றைக்கு அங்கே மழை விட்டிருக்கிறது. மேற்கே முகில் கறுத்துக்கொண்டு வருவதாக அக்கா சற்று முன்தான் சொன்னார். கரையிலிருந்து ஒரு புள்ளி ஆற்றுக்குள் இறங்கிப் போகிறது, கண்ணாப் பத்தைப் பக்கம். என் மகளுடையது அல்ல. வேலைத்தலத்துக்குப் போன் பண்ணி, வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டு ஆள் ஒருவர் வெளியே போயிருக்கிறார், திரும்பி வரட்டும் என்றேன்.